486 கணினியில் யூனிக்ஸ்: எதை ஏற்றலாம், எப்படி ஏற்றலாம்?

கேள்வி: மாமாவின் பழைய அலுவலகத்தில் பரண்மேல் கிடந்த ஒரு கணினி எனக்குக் கிடைத்திருக்கிறது. 486 டிஎக்ஸ்2, 66 மெகாஹெர்ட்ஸ், 16 எம்பி ராம், 540 எம்பி ஹார்ட் டிஸ்க், ஃபிளாப்பி டிரைவ், ஐஎஸ்ஏ நெட்வொர்க் கார்டு. சிடி டிரைவ் கிடையாது. டிஸ்கைக் கழற்றி வேறு கணினியில் மாட்டி இரண்டு மூன்று 'லைட்' லினக்ஸ்களை ஏற்றிப் பார்த்தேன், ஒன்றும் எழவில்லை. இதில் லினக்ஸோ வேறு யூனிக்ஸ் வகையோ ஓடுமா? தமிழ் வருமா? வீட்டு சர்வராக வைத்துக்கொள்ளலாமா?

பதில்:

ஓடும். தயங்காமல் நெட்பிஎஸ்டி போடுங்கள், யூனிக்ஸ் வழிவந்த இலவச சிஸ்டம் அது. லினக்ஸ்தான் வேண்டும் என்றால் அதற்கும் வழி இருக்கிறது. இந்த வயதுக் கணினிகளோடு பழகும்போது நான் விடாமல் கடைப்பிடிப்பது ஒன்றுதான்: கனமான வேலை எதையும் அவற்றின் தலையில் கட்டுவதில்லை. நிறுவுவது, கம்பைல் செய்வது (மூலநிரலை ஓடும் நிரலாக மாற்றுவது), மறையாக்கச் சாவி உருவாக்குவது, தமிழ் எழுத்தைத் திரையில் வரைவது எல்லாவற்றையும் மேசையில் இருக்கும் புதிய கணினி செய்யட்டும். முடிந்த பொருளை மட்டும் 486-க்குக் கொண்டுபோங்கள். இதைப் பிடித்துக்கொண்டால் மீதி எல்லாம் பொறுமையாகச் செய்து முடிக்கக்கூடிய வேலைதான்.

'லைட்' லினக்ஸ்கள் ஏன் எழவில்லை என்று முதலில் பார்ப்போம். அந்த 'லைட்' டெஸ்க்டாப்பைப் பற்றியது. பெரிய டெஸ்க்டாப்பை எடுத்துவிட்டுச் சின்ன விண்டோ மேனேஜரை வைத்திருப்பார்கள். ஆனால் உள்ளே இருக்கும் கர்னலும் (சிஸ்டத்தின் மையக்கரு) லைப்ரரிகளும் எந்தச் சிபியுவை நினைத்துக் கம்பைல் ஆனவை என்பதுதான் உங்களுக்கு முக்கியம். 386 வந்தது 1985-ல், 486 1989-ல், பென்டியம் 1993-ல், பென்டியம் ப்ரோ 1995-ல். கடைசியாகச் சொன்னதைத்தான் ஐ686 என்று குறிப்பிடுகிறார்கள். அதில் 'சிமூவ்' என்ற ஆணை புதிதாக வந்தது: நிபந்தனை உண்மையானால் மட்டும் மதிப்பை நகர்த்து என்று ஒரே அடியில் சொல்லும் ஆணை. ஐ686-க்காகக் கம்பைல் செய்யச் சொன்னால் கம்பைலர் அதைத் தாராளமாகத் தூவிவிடும். 486 அந்த ஆணையைச் சந்திக்கும் முதல் கணத்திலேயே 'இது எனக்குத் தெரியாது' என்று நின்றுவிடும். பெரும்பாலும் திரையில் ஒரு வரி வருவதற்கு முன்பே இது நடந்து முடிந்திருக்கும். அதனால்தான் காரணம் தெரியாமல் கறுப்புத் திரையையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டியிருக்கிறது.

இது வேகம் சம்பந்தப்பட்டதே அல்ல. 500 மெகாஹெர்ட்ஸில் ஓடும் ஏஎம்டி கே6-2 சிபியுவில்கூட சிமூவ் கிடையாது, அதிலும் இதே கதைதான். டெபியன் என்ற லினக்ஸ் 2017-ல் வந்த 9-வது வெளியீட்டிலிருந்தே 32 பிட்டுக்கு ஐ686-ஐக் கட்டாயமாக்கிவிட்டது. 2025 ஆகஸ்ட்டில் வந்த 13-வது வெளியீட்டில் 32 பிட் கணினிகளுக்கு இன்ஸ்டாலரும் இல்லை, கர்னலும் இல்லை. நெட்பிஎஸ்டியின் உறவான ஃப்ரீபிஎஸ்டி 2021-ல் 13-வது வெளியீட்டில் ஐ686-க்கு ஏறியது. ஆகவே 'எத்தனை எம்பி ராம் போதும்' என்று தேடுவதற்கு முன்னால் 'எந்தச் சிபியுவுக்குக் கம்பைல் ஆனது' என்று தேடுங்கள்.

லினக்ஸ் கர்னலே இதில் எங்கே நிற்கிறது? லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-ல் லினக்ஸை எழுதத் தொடங்கியது 4 எம்பி ராம் கொண்ட ஒரு 386-ல். அந்த 386-க்கான ஆதரவு 2013-ல் வந்த 3.8 கர்னலில் எடுக்கப்பட்டது. காரணம் அலட்சியம் அல்ல. நினைவகத்தில் ஒரு மதிப்பை ஒப்பிட்டு அதே மூச்சில் மாற்றும் ஆணை 486-ல்தான் வந்தது. 'இந்தப் பக்கத்தில் எழுதாதே' என்ற தடையைக் கர்னல் நிலையில் 386 மதிக்காது. இந்த இரண்டுக்காகவும் தனித்தனிச் சுற்றுவழிகளை வருடக்கணக்கில் பராமரித்துக்கொண்டிருந்தார்கள். 486-லும் அப்படிச் சில இல்லாமைகள் உண்டு: 8 பைட்டை ஒரே அடியில் ஒப்பிட்டு மாற்றும் ஆணை இல்லை, சிபியுவுக்குள் நேரம் எண்ணும் கவுன்டர் இல்லை. இவற்றைக் காட்டி 486-ஐயும் எடுத்துவிடலாம் என்று 2025-ல் திருத்தங்கள் முன்மொழியப்பட்டன. எதிர்காலத்தை நம்பி இதில் லினக்ஸ் ஏற்றுவதில் பொருள் இல்லை. ஆனால் பழைய லினக்ஸ் அருமையாக ஓடும். 1999-ல் வந்த ஸ்லாக்வேர் 4.0, 2.2 கர்னலோடு, 16 எம்பியில் நிம்மதியாக உட்காரும்.

அடுத்தது ராம். உங்களுடைய உண்மையான நெருக்கடி இங்கேதான். நெட்பிஎஸ்டி 10.0 வெளியானது 2024 மார்ச்சில். அதுவும் 486-ஐ ஏற்றுக்கொள்ளும், எஃப்பியு (தசமக் கணக்குப் போடும் பகுதி) இருக்க வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை. உங்களுடையது டிஎக்ஸ்2 என்பதால் சிபியுவுக்குள்ளேயே எஃப்பியு இருக்கிறது. எஸ்எக்ஸ் என்றிருந்தால் சிக்கல். ஆனால் அதனோடு வரும் பொதுக் கர்னலில் உலகத்தில் உள்ள எல்லா நெட்வொர்க் கார்டுக்கும், யுஎஸ்பிக்கும், வைஃபைக்கும், ஏசிபிஐக்கும் டிரைவர் இருக்கும். அந்தக் கர்னல் ஏறி உட்கார்ந்த பிறகு 16 எம்பியில் நிரல் ஓட இடமிருக்காது. இரண்டு வழி உண்டு. ராமைக் கூட்டுவது ஒன்று, கர்னலைக் குறைப்பது மற்றொன்று. முடிந்தால் இரண்டையும் செய்யுங்கள்.

ராம் வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். 486-ன் டேட்டா பஸ் 32 பிட். 72 பின் சிம் (ராம் துண்டு) ஒன்றே 32 பிட் அகலம் என்பதால் ஒற்றைத் துண்டு போட்டாலே வேலை செய்யும். 30 பின் சிம் 8 பிட் அகலம்தான், ஆகவே நான்கு நான்காகத்தான் போட முடியும். மதர்போர்டில் எந்த ஸ்லாட் என்று பார்த்துவிட்டுக் கடைக்குப் போங்கள். 32 எம்பி ஆக்கிவிட்டால் புதிய நெட்பிஎஸ்டியைச் சொந்தக் கர்னலோடு ஓட்டலாம். 16-லேயே இருக்கப் போகிறீர்கள் என்றால் 2002-ல் வந்த 1.6 வரிசைக்குப் போங்கள், அது இந்தக் கணினியின் காலத்துக்கு அருகில் எழுதப்பட்டது. அதே குடும்பத்து ஓபன்பிஎஸ்டியை நான் மிகவும் மதிக்கிறேன், ஆனால் இந்தக் கணினிக்குச் சொல்ல மாட்டேன். 2017-ல் வந்த 6.2 முதல் அது ஒவ்வொரு பூட்டின்போதும் கர்னலின் துண்டுகளை வரிசை மாற்றி மறுபடி இணைக்கிறது. பாதுகாப்புக்கு நல்ல யோசனை. ஆனால் ஒரு 486 அந்த இணைப்பு வேலையை முடிப்பதற்குள் உங்களுக்கு ஆர்வம் வடிந்துவிடும்.

சரி, மென்பொருளுக்குப் போவதற்கு முன்னால் பெட்டியைத் திறந்து பாருங்கள். கணினி ஓடுகிறது என்பதால் எல்லாம் நலம் என்று நினைக்க வேண்டாம். 486 மதர்போர்டுகள் பலவற்றில் கீபோர்டு சாக்கெட் பக்கத்தில் நீல நிற உருளை ஒன்று போர்டோடு சால்டர் செய்யப்பட்டிருக்கும். அது நிக்கல் காட்மியம் பேட்டரி. வருடங்கள் போனால் கசியும். கசிந்த திரவம் செம்புத் தடங்களைத் தின்றுகொண்டே போகும். பேட்டரியின் கால்களைச் சுற்றிப் பச்சையாகவோ வெள்ளையாகவோ பொடி பூத்திருந்தால் இன்றைக்கே வெட்டி எடுத்துவிடுங்கள். அந்தக் கசிவு காரத்தன்மை உள்ளது. ஆகவே பஞ்சில் கொஞ்சம் வினிகர் தொட்டுத் துடைத்து, பிறகு ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் கழுவிக் காயவிடுங்கள். பேட்டரி இல்லாவிட்டால் பயாஸ் (கணினியை எழுப்பும் அடிப்படை நிரல்) தேதியையும் டிஸ்க் விவரத்தையும் மறந்துவிடும், அவ்வளவுதான். தேதியை நெட்வொர்க்கிலிருந்து வாங்கிக்கொள்ளலாம். போர்டு அரித்துப்போனால் வேறு போர்டு கிடைப்பது கஷ்டம்.

பவர் சப்ளை விஷயத்தில் கூடுதல் எச்சரிக்கை. இது ஏடி வகை. முன்பக்கத்து ஸ்விட்சுக்கு வரும் தடித்த கம்பியில் 230 வோல்ட் நேராக ஓடுகிறது. இன்றைய கணினிகளின் ஸ்விட்சு மாதிரி அல்ல. பிளக்கைப் பிடுங்கிவிட்டுத்தான் உள்ளே கை வைக்க வேண்டும். மதர்போர்டுக்குப் போகும் இரண்டு கனெக்டர்களைக் கழற்றி மாட்டினால் கறுப்புக் கம்பிகள் நடுவில் ஒன்றையொன்று ஒட்டி வர வேண்டும். மாற்றி மாட்டினால் போர்டு போய்விடும்.

டிஸ்க்கைப் பொறுத்தவரை, அந்த 540 எம்பி ஹார்ட் டிஸ்க்கை எடுத்துப் பத்திரமாக வையுங்கள். மாமாவின் பழைய கணக்குகள் ஏதாவது அதில் இருக்கலாம், வேறு டிஸ்ட்ரோ ஏற்றுவதற்கு முன் முழு நகல் எடுத்திருந்தால் நல்லது. அதற்குப் பதிலாகப் பழைய கேமராக்களில் வந்த காம்பாக்ட் ஃபிளாஷ் கார்டு ஒன்றையும் ஐடிஇ (ஹார்ட் டிஸ்க் இணைப்பு முறை) அடாப்டர் ஒன்றையும் வாங்குங்கள். அந்தக் கார்டு தானே ஐடிஇ மொழி பேசக்கூடியது. அடாப்டரில் பின்களை மாற்றிக் கொடுப்பதைத் தவிரப் பெரிய வேலை எதுவும் கிடையாது. சத்தம் இல்லை, புதிய கணினியில் கார்டு ரீடரில் செருகி எழுதிக்கொள்ளலாம்.

இங்கே ஒரு வேலி உண்டு. அந்தக் காலத்து பயாஸ் 1024 சிலிண்டர், 16 ஹெட், 63 செக்டார் வரைதான் எண்ணும். 512 பைட்டால் பெருக்கினால் 52 கோடியே 84 லட்சத்துச் சொச்சம் பைட், அதாவது 504 எம்பி. உங்கள் 540 எம்பி டிஸ்க் இந்த வேலியைச் சற்றே தாண்டிய தலைமுறையைச் சேர்ந்தது. ஆனால் இது பயாஸுக்கான வேலி மட்டும்தான். கர்னல் எழுந்துவிட்டால் அது பயாஸைக் கேட்காமல் டிஸ்க் கன்ட்ரோலரோடு நேராகப் பேசும். ஆகவே 4 ஜிபி கார்டு போட்டாலும் கவலை இல்லை. கர்னல் இருக்கும் ரூட் பார்ட்டிஷன் முதல் 504 எம்பிக்குள் இருந்தால் போதும், மற்றதெல்லாம் அதற்கு அப்பால் இருக்கட்டும். பயாஸில் டிஸ்க் வகையை 'யூசர்' என்று வைத்து மேலே சொன்ன மூன்று எண்களையும் கையால் எழுதிவிடுங்கள். பயாஸ் மிகவும் அடம்பிடித்தால் 'எக்ஸ்டி-ஐடிஇ யுனிவர்சல் பயாஸ்' என்ற திறந்தமூல நிரலை ஒரு ஈப்ராம் சிப்பில் எரித்து, நெட்வொர்க் கார்டில் காலியாக இருக்கும் பூட் ரோம் சாக்கெட்டில் செருகலாம். பெரிய டிஸ்க்குகளை அது கவனித்துக்கொள்ளும்.

நிறுவலை 486-ல் செய்யவே வேண்டாம். கார்டைப் புதிய கணினியில் செருகி, க்யூஎமு எமுலேட்டரை (வேறு கணினியைப் போல நடிக்கும் நிரல்) திறந்து, அந்தக் கார்டையே அதன் ஹார்ட் டிஸ்க்காகக் காட்டி அங்கே நிறுவுங்கள். க்யூஎமுவில் 486 என்றே ஒரு சிபியு மாதிரி இருக்கிறது, பிசிஐ (ஐஎஸ்ஏவுக்குப் பின் வந்த கார்டு ஸ்லாட் முறை) இல்லாத வெறும் ஐஎஸ்ஏ கணினி மாதிரியும் இருக்கிறது. கேவிஎம் முடுக்கத்தை மட்டும் அணைத்துவிடுங்கள். அது இருந்தால் நிரல் நேராக உங்கள் நிஜச் சிபியுவில் ஓடும், சிமூவ் வந்தாலும் கண்டுகொள்ளாது. அணைத்துவிட்டால் 486-ல் எங்கே விழுமோ அங்கேயே க்யூஎமுவிலும் விழும், நடந்தது என்ன என்று உட்கார்ந்து பார்க்கலாம். நிறுவும்போது மட்டும் ராமை 64 எம்பி கொடுங்கள். முடிந்தபின் 16-க்கு இறக்கி மறுபடி பூட் செய்து பாருங்கள். அங்கே எழுந்தால், டிஸ்க் விவரத்தைத் தவிர வேறு பெரிய தடை நிஜக் கணினியில் இருக்காது.

கர்னலைக் குறைக்கும் வேலைதான் இந்த முயற்சியில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. நெட்பிஎஸ்டியின் மூலநிரலில் ஒரே ஒரு பில்ட் ஸ்கிரிப்ட் இருக்கிறது. அதை உங்கள் லினக்ஸ் லேப்டாப்பிலேயே ஓட்டலாம். ஐ386-க்கு (32 பிட் இன்டெல் வகைக் கணினிகளுக்கு நெட்பிஎஸ்டி வைத்த பெயர்) வேண்டிய கம்பைலரை முதலில் தானே கட்டிக்கொண்டு, பிறகு கர்னலைக் கட்டித் தரும். 486-ல் பல மணி நேரம் ஓட வேண்டிய கம்பைலை லேப்டாப் சில நிமிடங்களில் முடித்துவிடும். பொதுக் கர்னலின் கான்ஃபிக் ஃபைலை நகல் எடுத்து வேறு பெயர் வையுங்கள், வரி வரியாகக் கீழே வாருங்கள். பிசிஐ இருக்கிறதா? உங்கள் போர்டில் வெறும் ஐஎஸ்ஏ ஸ்லாட்டுகள், அல்லது விஎல்பி என்னும் நீட்டு ஸ்லாட்டுகள் மட்டும் என்றால் பிசிஐ வரியையும் அதன்கீழ் தொங்கும் எல்லாவற்றையும் எடுத்துவிடலாம். யுஎஸ்பி, ஆடியோ, ஸ்கஸி, ரெய்டு, ஐபிவி6, தேவைப்படாத ஃபைல்சிஸ்டங்கள் எல்லாம் வெளியே. கடைசியில் டிஸ்க், ஃபிளாப்பி, கீபோர்டு, விஜிஏ, சீரியல் போர்ட், பிரின்டர் போர்ட், ஒரு நெட்வொர்க் கார்டு என்று ஒரு பக்கத்துக்குள் அடங்கும் கான்ஃபிக் நிற்கும். கணினிக்குள் என்ன இருக்கிறது என்பதை அவ்வளவு முழுமையாக வேறு எந்த வழியிலும் நான் தெரிந்துகொண்டதில்லை. பூட்டின்போது ஓடும் ஒவ்வொரு வரிக்கும் அந்தப் பக்கத்தில் ஒரு வரி இருக்கும்.

நெட்வொர்க் கார்டு ஐஎஸ்ஏ என்பதால் பலர் அங்கே முட்டிக்கொள்வார்கள். பிசிஐ காலத்துக்கு முன் கார்டு 'நான் இங்கே இருக்கிறேன்' என்று சொல்லாது. எந்த ஐஓ முகவரியில் இருக்கிறது, எந்த இன்டரப்ட் என்று கர்னலுக்கு நாம்தான் சொல்ல வேண்டும். என்இ2000 வகைக் கார்டை நெட்பிஎஸ்டியின் பொதுக் கர்னல் இரண்டு இடத்தில் தேடும்: ஹெக்ஸ் 280-ல் இன்டரப்ட் 9, ஹெக்ஸ் 300-ல் இன்டரப்ட் 10. கார்டு 300-ல் இன்டரப்ட் 5 என்று ஜம்பர் வைக்கப்பட்டிருந்தால் கார்டு கண்ணில் படும், பாக்கெட் மட்டும் நகராது. ஜம்பரை மாற்றுங்கள், அல்லது உங்கள் கான்ஃபிக்கில் எண்ணை மாற்றுங்கள். ஜம்பர் இல்லாத கார்டு என்றால் அதற்கென்றே டாஸில் ஓடும் அமைப்பு நிரல் உண்டு. அதை ஒரு டாஸ் பூட் ஃபிளாப்பியில் போட்டு, பிளக் அண்ட் ப்ளேயை அணைத்து, எண்களை நிலையாகப் பதியுங்கள்.

நெட்வொர்க் வந்ததும் எஸ்எஸ்எச் (தொலைவிலிருந்து பாதுகாப்பாக உள்நுழையும் நிரல்) வைக்கத் தோன்றும். இரண்டு தடை. முதலாவது கணக்கு வேலை: 66 மெகாஹெர்ட்ஸில் ஒவ்வொரு முறை உள்நுழையும்போதும் சாவிப் பரிமாற்றத்துக்காகக் காத்திருக்க வேண்டும். முதல் பூட்டில் ஆர்எஸ்ஏ சாவியை அதுவே உருவாக்கட்டும் என்று விட்டால் மிக நீண்ட நேரம் அங்கேயே நிற்கும். புதிய நெட்பிஎஸ்டி என்றால் சாவிகளை லேப்டாப்பில் உருவாக்கி நகல் எடுத்து வையுங்கள், முடிந்தால் எட்25519 வகை மட்டும். இரண்டாவது தடை பழைய வெளியீடுகளுக்கு: 2021-ல் வந்த ஓபன்எஸ்எஸ்எச் 8.8 முதல் ஷா-1 கையொப்பமிட்ட ஆர்எஸ்ஏவை இயல்பாக ஏற்பதில்லை, 2025-ல் வந்த 10.0-ல் டிஎஸ்ஏவே இல்லை. ஆகவே 1.6-ல் இருக்கும் எஸ்எஸ்எச்சோடு இன்றைய லேப்டாப் நேராகப் பேசாது. எனக்குக் கேட்டால் எஸ்எஸ்எச்சையே விட்டுவிட்டு சீரியல் கேபிளுக்குப் போங்கள் என்பேன்.

இணையம் பார்ப்பதும் இதே போலத்தான். பழைய பிரவுசர்களுக்கு இன்றைய டிஎல்எஸ் என்ற மறையாக்க முறை தெரியாது, அவற்றில் இருக்கும் வேர்ச் சான்றிதழ்கள் காலாவதி ஆனவை. 486-ல் பிரவுசர் எதையும் எதிர்பார்க்காதீர்கள்.

தமிழ் பற்றிக் கேட்டீர்கள். விஜிஏ டெக்ஸ்ட் திரையில் ஒரே நேரத்தில் 256 வடிவங்கள்தான் நிற்கும், நிறங்களில் பாதியை விட்டுக்கொடுத்தால் 512. ஒவ்வொன்றும் 8 பிக்ஸல் அகலம், 16 பிக்ஸல் உயரம் உள்ள கட்டத்துக்குள் அடங்க வேண்டும். 'ணை', 'ஞௌ' போன்றவை அந்தக் கட்டத்தில் அடங்காது, கொம்பையும் காலையும் எங்கே வைப்பது என்ற அறிவும் அந்தத் திரைக்குக் கிடையாது. கிராஃபிக்ஸ் பக்கம் போய் யூனிகோடு தமிழை வரையும் லைப்ரரிகளை ஏற்ற 16 எம்பி போதாது.

ஆனால் தமிழை வரைவது வேறு, வைத்திருப்பது வேறு. யூனிகோடு எழுத்துகளைப் பைட்டுகளாக எழுதும் யூடிஎஃப்-8 குறியீட்டை கென் தாம்சனும் ராப் பைக்கும் 1992-ல் வகுத்தபோது ஒன்றை உறுதி செய்தார்கள்: பல பைட் கொண்ட எழுத்துக்குள் ஆஸ்கி (ஆங்கில எழுத்து, குறிகள்) எழுத்தின் பைட் ஒருபோதும் வராது. வரி முடிவு, சாய்கோடு, இடைவெளி எதுவும் தமிழ் எழுத்துக்குள் ஒளிந்திருக்காது. அதனால் யூடிஎஃப்-8 பற்றி ஒன்றும் தெரியாத பழைய யூனிக்ஸ் நிரல்கள்கூடத் தமிழ்க் கோப்புகளைச் சேதமில்லாமல் சுமக்கும். கோப்புப் பெயரே தமிழில் இருக்கலாம். 486-ஐ ஒரு சீரியல் கேபிளால் லேப்டாப்போடு இணைத்து, லேப்டாப்பின் டெர்மினல் ஜன்னலில் உள்நுழையுங்கள். பைட்டுகளை 486 அனுப்பும், எழுத்தை லேப்டாப் வரையும். கோப்பைத் திரையில் காட்டும் 'கேட்' ஆணை கொடுத்தால் தமிழ் அப்படியே வரும். 'கிரெப்' கொடுத்துத் தமிழ்ச் சொல்லைத் தேடினால் கிடைக்கும். சீரியல் அமைப்பில் 8 பிட், பாரிட்டி இல்லை என்று வைத்திருக்க வேண்டும், எட்டாவது பிட்டை வெட்டும் அமைப்பு அணைந்திருக்க வேண்டும். இது மட்டும்தான் கவனிக்க வேண்டியது.

சில இடங்களில் பழையதன் அறியாமை தெரியும். 'தமிழ்' என்ற சொல் 15 பைட். தட்டும்போது தவறு வந்து பேக்ஸ்பேஸ் அழுத்தினால் பழைய கர்னல் ஒரு பைட்டை மட்டும் அழிக்கும். 'கி'-யை முழுதாக அழிக்க ஆறு முறை அழுத்த வேண்டும், நடுவில் நிறுத்தினால் கேள்விக்குறி போட்ட கட்டம் நிற்கும். திரை எடிட்டர்கள் பத்தி எண்ணிக்கையில் குழம்பும். 'எட்' என்ற வரி எடிட்டர் இதில் தப்பிக்கும், அது வரிகளைத்தான் எண்ணுகிறது. 'சார்ட்' கொடுத்தால் யூனிகோடு வரிசைப்படி அடுக்கும்: 'ன' கடைசிக்குப் போகாமல் 'ந'-வை ஒட்டி வரும், 'க்' 'கௌ'-வுக்குப் பின்னால் போகும். அகரவரிசை வேண்டும் என்றால் அதைச் சரிசெய்ய நீங்களே ஒரு சின்ன சி நிரல் எழுதலாம். இந்தக் கணினியில் எழுதிப் பழக அதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தோன்றவில்லை.

சீரியலின் வேகத்தை ஆசைப்பட்டு ஏற்றாதீர்கள். உங்கள் போர்டில் இருப்பது 16450 சிப் என்றால் அதில் ஒரே ஒரு பைட்டைத்தான் தாங்கிவைக்க முடியும். கர்னல் வந்து எடுப்பதற்குள் அடுத்தது வந்தால் முந்தையது போயிற்று, 'சைலோ ஓவர்ஃப்ளோ' என்று திரையில் புகார் வரும். 16550ஏ என்றால் 16 பைட் வரிசை உண்டு. 9600-ல் தொடங்குங்கள். நொடிக்கு 960 பைட், அதாவது சுமார் 320 தமிழ்க் குறியீடுகள். வாசிக்கும் வேகத்துக்கு இது தாராளம்.

வீட்டு சர்வராக வேண்டாம். இந்தப் பெட்டி 50 வாட் இழுக்கிறது என்று வைத்துக்கொண்டால்கூட நாளுக்கு 1.2 யூனிட், மாதத்துக்கு 36 யூனிட். இதே வேலையைச் சில வாட்டில் செய்யும் சின்ன போர்டுகள் இருக்கின்றன. தவிர, பழைய வெளியீட்டை இணையத்துக்குத் திறந்து வைப்பது எந்த நிலையிலும் கூடாது. ரௌட்டருக்கு உள்ளேயே, வெளியிலிருந்து எந்த வழியும் இல்லாமல் இருக்கட்டும். வேண்டும்போது போடுங்கள், வேலை முடிந்ததும் அணையுங்கள். சி கற்றுக்கொள்ள, ஷெல் பழக, கர்னல் மூலநிரலை வாசித்து ஒரு வரியை மாற்றி என்ன ஆகிறது என்று பார்க்க, பேரலல் போர்ட்டில் ஒரு டாட் மேட்ரிக்ஸ் பிரின்டரை மாட்டி அச்சடிக்க இதைவிடத் தெளிவான கணினி கிடைக்காது.

யாராவது இதைவிடப் பழையதை வைத்துக்கொண்டு இதைப் படித்தால்: 386-க்கு நெட்பிஎஸ்டி 4.0 வரை வழி உண்டு, 2009-ல் வந்த 5.0-ல் அது அடைபட்டது. 8088, 8086, 286 என்றால் எல்க்ஸ் என்ற திட்டத்தைப் பாருங்கள். லினக்ஸின் ஒரு சிறு உட்பிரிவாக 90-களின் நடுவில் தொடங்கியது, இன்றும் உயிரோடு இருக்கிறது. ஒரே ஃபிளாப்பியில் பூட் ஆகி 640 கேபிக்குள் ஷெல்லும் டெல்நெட்டும் தரும். எல்க்ஸ் ஓடும் விதத்தில் நினைவகப் பாதுகாப்பு கிடையாது, ஒரு நிரல் தடம் புரண்டால் மொத்தக் கணினியும் நிற்கும் என்பதை ஏற்றுக்கொண்டுதான் இறங்க வேண்டும்.

உங்களிடம் வருகிறேன். நெட்வொர்க் கார்டைக் கழற்றிப் பெரிய சிப்பின் மேல் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்துச் சொல்லுங்கள். 8019 என்ற எண் இருந்தால் அது என்இ2000 வகை, மேலே சொன்ன முகவரி வேலை உண்டு. 3சி509 என்று கார்டிலேயே அச்சிட்டிருந்தால் நல்ல காலம். நெட்பிஎஸ்டியின் 'ஈபி' டிரைவர் அதைத் தானே கண்டுபிடித்துக்கொள்ளும், ஜம்பரும் வேண்டாம், எண்ணும் வேண்டாம். மதர்போர்டில் சிம் ஸ்லாட் 30 பின்னா 72 பின்னா என்பதையும் சேர்த்து எழுதுங்கள், எந்த வெளியீடு, கான்ஃபிக்கில் எந்த வரிகள் வேண்டும் என்று அதை வைத்துத் திட்டமாகச் சொல்லிவிடுகிறேன்.